பிளாஸ்டிக்கில் செய்தாலும் அது ஆயுதம்தான்

“பையன் 3டி பிரிண்டரில் துப்பாக்கி பார்ட் ஏதோ எடுத்திருக்கிறான் சார், வெறும் பிளாஸ்டிக்தானே?” கல்லூரி மாணவர்களின் பெற்றோர் இந்தக் கேள்வியோடு அலுவலகத்துக்கு வருவது அடிக்கடி நடக்கிறது. போன வாரமும் ஒருவர் வந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

1959 ஆயுதச் சட்டம் எந்தப் பொருளில் செய்தீர்கள் என்று கேட்பதே இல்லை. பிரிவு 2-இல் ஆயுதம் என்பதற்கான விளக்கத்தைப் படியுங்கள். ஆயுதத்தின் பாகங்களும் அதில் அடக்கம், ஆயுதம் தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம்.

“முழுசாகச் செய்யவில்லை, ஒரு பாகம் மட்டும்தான்” என்கிற வாதம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். எல்லாம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே கூட்டரசுச் சட்டப்படி ஃபிரேம் அல்லது ரிசீவர் என்கிற, மற்ற பாகங்களைத் தாங்கும் அந்த ஒரு பாகம்தான் துப்பாக்கியாகக் கணக்கு. பேரல், டிரிகர் எல்லாம் பெரும்பாலும் கடைச்சரக்கு. விற்பதற்காக இல்லாமல் தனக்கென்று ஒருவர் செய்துகொள்வதையும் அந்தச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. அங்கேயே சில மாநிலங்கள் இதற்குத் தடை போட்டுவிட்டன. அதைப் பார்த்துவிட்டு இங்கே செய்தால் எப்படி? நம் சட்டத்தின் பிரிவு 5 உரிமம் இல்லாமல் தயாரிக்கக் கூடாது என்கிறது. விற்கவா, சொந்த உபயோகத்துக்கா என்ற பாகுபாடு அதில் கிடையாது. சுட்டுச் சோதித்துப் பார்ப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். சும்மா வைத்திருந்ததாகப் பிரிவு 3-இல் வழக்கு என்றால் மாவட்ட நடுவரின் முன் அனுமதியாவது வேண்டும். தயாரிப்பு வழக்குக்கு அந்தத் தடையும் இல்லை.

துப்பாக்கிக் கலாச்சாரமே இல்லாத ஜப்பானில், இப்படி பிரிண்டரில் துப்பாக்கி செய்த கல்லூரி ஊழியர் ஒருவருக்கு 2014-இல் 2 ஆண்டு சிறை விதித்தார்கள்.

சட்டத்தை விடுங்கள். அடுக்கடுக்காக உருகி ஒட்டிய பிளாஸ்டிக் அது. தோட்டா வெடிக்கும் அழுத்தத்தில் பிளந்தால் போவது உங்கள் கைவிரல்கள்.

பிரிண்டிங் கடை வைத்திருப்பவர்களே, டிசைன் ஃபைலைத் திறந்து பார்க்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். குறும்படத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி வேண்டுமா, துளையில்லாத கட்டையாகச் செய்யுங்கள். தம்பிகளே, ஏற்கெனவே ஏதாவது செய்து வைத்திருந்தால் தயவுசெய்து நண்பனிடம் கொடுத்து வைக்காதீர்கள், அவனும் மாட்டுவான். பயந்துபோய் லேப்டாப்பில் இருப்பதை அழிக்கவும் வேண்டாம், சாட்சியத்தை மறைத்ததாக இன்னொரு பிரிவு சேரும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அப்பா அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.