நேரில் பார்க்காததற்குக் கையொப்பமிடாதீர்கள்: மக்கள் தொடர்புத் துறைக்கு வரும் இளையோருக்கு

திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளிக் கரையோர விடுதி ஒன்றில் மக்கள் தொடர்பு உத்தியோகத்தராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட நிறையாத இளம் பெண்ணொருவர், கடந்த பருவத்தில் வேலையை இழந்து என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். உணவு ஒத்துக்கொள்ளாமல் விருந்தினர் சிலர் நோயுற்றதாக முகநூலில் செய்தி பரவியபோது, அப்படி எதுவும் நடக்கவில்லை, இது விஷமிகளின் பொய்ப் பிரசாரம் என்று மறுப்பறிக்கை எழுதுமாறு முகாமையாளர் பணித்திருக்கிறார். அந்தப் பெண்ணும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காமலும், நோயுற்றவர்களில் ஒருவருடனேனும் பேசாமலும் அறிக்கையை எழுதி, கீழே தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குறைகளைப் பதிவு செய்ததும், அந்த அறிக்கைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டது. நிறுவனம்தான் மாறுகிறதே தவிர, இதே கதையுடன் வருவோர் குறைந்தபாடில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இத்துறை பற்றி ஊரில் வேரூன்றியிருக்கும் ஒரு தவறான எண்ணமே இதற்கெல்லாம் அடிப்படை. "பிள்ளை நன்றாகக் கதைப்பான், நாலு பேரோடு பழகுவான், இந்த வேலைக்குப் பொருத்தமானவன்" என்று பெற்றோர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளும் அதையே நேர்முகத் தேர்வில் ஒப்புவிக்கிறார்கள். கதைப்பது இவ்வேலையின் மிகச் சிறிய பகுதி. காலையில் பத்திரிகைகளைப் படிப்பது, வந்த முறைப்பாடுகளை நேரத்துடன் குறித்துவைப்பது, சமையற்காரரிடமும் சாரதியிடமும் காவலாளியிடமும் தனித்தனியே விசாரிப்பது, அவர்கள் சொல்வது ஒத்துப்போகாத இடத்தில் மீண்டும் கேட்பது, எழுதியதைத் திருத்துவது என்பவற்றிலேயே நாள் போய்விடும். பேச்சு வன்மை மட்டும் உள்ளவர், பதில் தெரியாத கேள்விக்கும் ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார். "எனக்கு இப்போது தெரியாது, விசாரித்து நான்கு மணிக்குச் சொல்கிறேன்" என்று கூறி, நான்கு மணிக்குத் தவறாமல் அழைப்பவரையே ஊடகவியலாளர் நம்புவர். மேலும், நிறுவனத்தின் குரலை ஊருக்குக் கொண்டுபோவதைப் போலவே ஊரின் குரலை நிறுவனத்துக்குள் கொண்டுவருவதும் இப்பணியே. விடுதி வேலியால் கரைவலை இழுப்பவர்களுக்கு வழி அடைபட்டிருந்தால், அதை முதலாளியின் மேசையில் முதலில் வைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இத்தொழிலின் முன்னோடிகளில் ஒருவராகக் கருதப்படும் அமெரிக்கரான ஐவி லீயின் வாழ்க்கையிலேயே இரு பக்கமும் உண்டு. 1906 ஒக்டோபரில் அட்லாண்டிக் சிற்றி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மறைக்காமல் விவரங்களை எழுத்தில் வெளியிடவும், செய்தியாளர்களை அவ்விடத்துக்கே அழைத்துச் செல்லவும் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தை அவர் இணங்கச் செய்தார். அதே மனிதர், 1914இல் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது, சுரங்க நிர்வாகம் தந்த தகவல்களைச் சரிபார்க்காமல் பிரசுரங்களாக வெளியிட்டார். அவற்றில் பிழைகள் வெளிப்பட்டு, விசாரணை ஆணைக்குழுவின் முன் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரானார். அனுபவம் மிக்க ஒருவருக்கே அந்தக் கதி என்றால், முதல் மாதச் சம்பளம் வாங்காத பிள்ளை எம்மாத்திரம்?

எனவே, நியமனக் கடிதத்தில் உங்கள் கடமைகளும், அறிக்கைகளுக்கு இறுதி ஒப்புதல் தருபவர் யார் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக வரும் பணிப்புரையை உடனே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துங்கள். போலிக் கணக்குகளில் விடுதியைப் புகழ்ந்து எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். செய்தியாளரின் கையில் பண உறையைத் திணிக்காதீர்கள். அதை வாங்காத நேர்மையானவரை அது அவமதிக்கிறது.

திருகோணமலையில் அறிக்கை தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும். ஒரு மொழியில் இன்றும் மற்றொன்றில் இரண்டு நாள் கழித்தும் வந்தால், இடைப்பட்ட நேரத்தில் வதந்தி வேலையைச் செய்துவிடும், பிறகு எதை எழுதியும் பயனில்லை. எனக்கு வரும் பயிற்சி அறிக்கைகளில் பெரும்பாலானவை தலைவரின் பட்டங்களுடன் தொடங்கி, நிகழ்வின் திகதியைக் கடைசி வரியில் சொல்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, படமாக மாற்றி அனுப்புகிறார்கள். செய்தி ஆசிரியர் அதை மீண்டும் தட்டச்சிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எந்தக் கணினியிலும் அப்படியே திறந்து திருத்தக்கூடிய யூனிகோட் எழுத்தில் அனுப்புங்கள், புகைப்படத்தைத் தனியாக இணைத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைத் தாருங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. படிக்க வாய்ப்புள்ளவர்கள் படியுங்கள். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள், உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ ஓராண்டு அறிக்கைகள் எழுதிக் கொடுத்து, வெளிவந்தவற்றையும் வெளிவராதவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வேலை கேட்டு வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான்.

விடுதி நடத்துவோரிடமும் பணிவாக ஒன்று கேட்கிறேன். மே மாதத்தில் கூட்டம் சேர்ந்த பிறகு ஆள் தேடாமல், முன்கூட்டியே எடுத்து, சமையலறை முதல் படகுத்துறை வரை எல்லா இடத்துக்கும் அந்தப் பிள்ளை போய்வர அனுமதியுங்கள். முதல் ஆறு மாதங்களுக்கேனும் மறுப்பறிக்கைகளின் கீழ் உங்கள் பெயரையே போடுங்கள்.