பச்சைப் பட்டை வண்டி வரும் என்று நின்றவர்

சில வருடங்கள் வடசென்னையில் மணலிப் பக்கம் ஒரு ஒப்பந்த பஸ் கம்பெனியின் ஷெட்டில் வண்டி அனுப்பும் வேலை பார்த்தேன். தொழிற்சாலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். தடத்துக்கு ஒரு நிறம் என்று வைத்திருந்தோம். திருவொற்றியூர் வழி போனால் நீலப் பட்டை, மீஞ்சூர் என்றால் பச்சை, மாதவரம் என்றால் மஞ்சள். ஒரு நாள் விடிகாலையில் மீஞ்சூருக்குப் போக வேண்டிய பச்சை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்தில் சும்மா நின்ற நீலப் பட்டை வண்டியின் முன்கண்ணாடியில் 'மீஞ்சூர்' என்று அட்டை வைத்து அனுப்பிவிட்டோம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஒரு அம்மா ஷெட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, பச்சை வண்டி வரும்னுதானே சொன்னீங்க? நீல வண்டி வந்தா நான் எதுக்கு அதைப் பாக்கணும்?" என்று கேட்டார். அவர் நின்ற நிறுத்தத்தை வண்டி தாண்டிப் போனதை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் அது தன்னுடையது இல்லை என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

எங்கள் பதிவேட்டில் அந்த ட்ரிப்புக்கு நேரே இருந்தது: 'சரியான நேரம்.'

ஒரு தடத்துக்கென்று பெயரும் நிறமும் பூசிய பஸ் வேறு தடத்தில் ஓடுவதைப் பார்த்தால் டிப்போக்காரர்களின் அலட்சியம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அலட்சியம் இதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு கணக்கு. அதற்கு முன், அந்த அம்மா ஏன் அட்டையைப் படிக்கவில்லை என்பதைப் பார்த்துவிடலாம்.

பார்வை 6/6 என்று கண் டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே, அப்படிப்பட்ட கண் 6 மீட்டர் தூரத்தில் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே விகிதத்தில் பெருக்கினால், பஸ்ஸின் நெற்றியில் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் எண்ணை ஏறக்குறைய 135 மீட்டரிலிருந்து படிக்கலாம். இது நல்ல கண்ணுக்கு, நல்ல வெளிச்சத்தில், கடைசி எல்லை. கண்ணாடி போட வேண்டியவர் போடாமல் நிற்கிறார், பார்வை 6/18 என்று வைத்துக்கொண்டால் அந்தத் தூரம் மூன்றில் ஒன்றாகி 45 மீட்டர்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் பஸ் அந்த 45 மீட்டரைக் கடக்க ஐந்தரை விநாடி போதும். அதற்குள் படித்து, இது நம்முடையதுதானா என்று முடிவெடுத்து, பையைத் தூக்கி, கையைக் காட்ட வேண்டும். டோல்கேட் நிறுத்தத்தில் 6டி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்கும் பெரம்பூரில் 29சி-க்கு நிற்கிறவருக்கும் இதே ஐந்தரை விநாடிதான், முன்னால் லாரி மறைத்தால் அதுவும் இல்லை. எழுத்தே படிக்கத் தெரியாதவர்களும் இந்த ஊரில் தினமும் பஸ் ஏறுகிறார்கள்.

நிறத்துக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. ஆன் ட்ரீஸ்மன், கேரி கெலேட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒன்று. நிறைய பொருட்களுக்கு நடுவே ஒரே ஒரு தனி நிறத்தைத் தேடச் சொன்னால், கூட்டம் ஐந்தாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும் தேடும் நேரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நிறம் தானாகவே துருத்திக்கொண்டு கண்ணில் படுகிறது. எழுத்தைப் படித்துத் தேடுவது அப்படி இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஆகவே நிறம் சொல்லிவிட்டது என்றால் மூளை அட்டை வரைக்கும் போவதே இல்லை.

சரி, நிறம் ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால்? 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லு என்றால் ஆள் திணறுவார். வாசிப்பது நமக்கு அவ்வளவு பழகிப்போயிருப்பதால், கேட்காமலேயே அது முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. பஸ் நிறுத்தத்தில் இதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. இரண்டு வருடமாகப் பச்சையைப் பார்த்தே ஏறிப் பழகியவருக்கு நிறம்தான் முந்தும், அட்டை பின்தங்கிவிடும். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பழக்கினீர்களோ, தவறான வண்டி வரும் நாளில் அவர் அவ்வளவு உறுதியாக ஏமாறுவார். என்னை இந்த விஷயத்தில் மிகவும் உறுத்தியது இதுதான்.

இப்போது ஷெட்டுக்குள் வருவோம். வடசென்னையில் இடம் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். எங்கள் ஷெட்டில் சுவரை ஒட்டி ஒருவண்டி, அதன் முன்னால் இன்னொன்று என்று வரிசைக்கு ஆறு வண்டி நிறுத்துவோம். கடைசியாக உள்ளே வந்த வண்டிதான் காலையில் முதலில் வெளியே போக முடியும். ஆறு வண்டிகள் இரவில் திரும்பி வரக்கூடிய வரிசைகள் மொத்தம் 720 (6×5×4×3×2×1). ஆறும் ஆறு வெவ்வேறு நிறம் என்றால், காலை அட்டவணைக்குப் பொருந்துகிற வரிசை அந்த 720இல் ஒன்றே ஒன்று. மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு வண்டி என்றால் 8 வரிசை பொருந்தும். எல்லாம் ஒரே நிறம் என்றால் 720ம் பொருந்தும்! எந்த வண்டி எப்போது திரும்பும் என்பதோ நம் கையில் இல்லை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டினாலோ, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்தாலோ எட்டரைக்கு வர வேண்டியது பத்துக்கு வரும். வந்ததை வந்த இடத்தில் போட்டுவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போவார். விடிகாலை நாலரைக்கு, முன்னால் நிற்கிற மூன்று வண்டிகளை நகர்த்தி நான்காவதை எடுப்பதா, வாசலில் நிற்பதையே அனுப்புவதா? பெரும்பாலும் வாசலில் நிற்பதுதான் போகும்.

அதைவிட ஆழமான காரணம் ஸ்பேர் வண்டியில், அதாவது ஒன்று பழுதானால் பதிலுக்கு அனுப்ப வைத்திருக்கும் வண்டியில் இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பத்துத் தடங்கள், தடத்துக்குப் பத்து வண்டி தேவை என்று வையுங்கள். எந்த நாளிலும் ஒரு வண்டி படுத்துக்கொள்ளும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும் வையுங்கள் (கணக்குக்காக எடுத்த எண்தான்). தடத்துக்கு இரண்டு ஸ்பேர் கொடுத்தால், 12இல் குறைந்தது பத்து வண்டி கிளம்பும் வாய்ப்பு 89 விழுக்காடு. மூன்று ஸ்பேர் கொடுத்தால் அது 96.6 விழுக்காடாகிறது. நல்ல எண்தானே என்று தோன்றும். பத்துத் தடத்துக்கும் இப்படியே 13 என்று மொத்தம் 130 வண்டி வாங்கி, பச்சை வண்டி பச்சைத் தடத்துக்கு மட்டும்தான் என்று கண்டிப்பாக இருந்தால் என்ன ஆகும்? பத்துத் தடமும் ஒரே நாளில் முழுசாக ஓட வேண்டும், அதற்கு 0.966ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். வருவது 0.7. அதாவது பத்து நாளில் மூன்று நாள் ஏதோ ஒரு தடத்தில் வண்டி குறையும், அதே நேரத்தில் வேறு நிறத்து ஸ்பேர்கள் ஷெட்டில் சும்மா நிற்கும்.

நிறமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக வைத்தால் 118 வண்டி போதும், நூறு வண்டியும் கிளம்பும் வாய்ப்பு சுமார் 97 விழுக்காடு. பன்னிரண்டு வண்டி மிச்சம், அதற்கு மேல் நம்பகமும் கூடுகிறது. ஒரு தடத்தில் கெட்ட நாளாக இருக்கும்போது இன்னொன்றில் நல்ல நாளாக இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். கூட்டத்தைத் துண்டு துண்டாக்கினால் அந்த ஈடுகட்டல் போய்விடுகிறது. மளிகைக்கடையில் சில்லறையைப் பத்து டப்பாவில் பிரித்து வைத்தவருக்கும் ஒரே கல்லாவில் போட்டவருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வண்டிகள் தனித்தனியாகப் பழுதானால்தான் இந்தக் கணக்கு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிற மாதிரி மழை கொட்டும் நாளில் எல்லாத் தடமும் சேர்ந்தே அடிவாங்கும், அன்றைக்கு எந்தக் கூட்டமும் காப்பாற்றாது.

ஆக, வண்டிக்குத் தடத்தின் நிறத்தைப் பூசும் ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் ஒரு சுவர் எழுப்புகிறோம். வண்டி படுத்த காலையில் அனுப்புகிறவர் அந்தச் சுவரைத் தாண்டியே தீர வேண்டும். இல்லாவிட்டால் ட்ரிப் ரத்து, ரத்தானால் நிறுத்தத்தில் நிற்கும் எல்லோருக்கும் நஷ்டம். தவறான நிறத்தை அனுப்பினால் சிலருக்குத்தான் நஷ்டம். அன்று காலை நான் எடுத்த முடிவை மறுபடியும் எடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

என் கோபம் முடிவின் மேல் இல்லை, அதை எண்ணுகிற முறையின் மேல். ரத்தான ட்ரிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும், மேலாளர் கேள்வி கேட்பார். தவறான வண்டியில் ஏறிவிட்டவர் கூடச் சத்தம் போட்டு இறங்குவார், கண்டக்டருக்குத் தெரியும். ஆனால் சரியான வண்டியை விட்டுவிட்டு நின்றவர் எங்கேயும் பதிவாவதில்லை. டிக்கெட் வாங்காதவரை டிக்கெட் மெஷின் எப்படி எண்ணும்? அதனால் 'நிறம் மாறி ஓடினால் பெரிய பாதிப்பு இல்லை' என்று ஆவணங்கள் காட்டிக்கொண்டே இருக்கும், மாற்றி அனுப்புவது வழக்கமாகிவிடும், கொஞ்ச நாளில் யாரும் நிறத்தை நம்பமாட்டார்கள். எல்லோரும் மறுபடி எழுத்தைப் பார்ப்பார்கள். படிக்க முடிகிறவர்கள் மட்டும்.

இதற்குத் தீர்வு நிறமே வேண்டாம் என்பதா? இல்லை. நிறத்தை எந்த மட்டத்தில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. லண்டன் பஸ்களின் சிவப்பு எந்தத் தடத்தையும் சொல்வதில்லை, அது நகரத்தின் நிறம், நிறத்தைப் பொறுத்தவரை எந்த வண்டியும் எந்தத் தடத்துக்கும் போகலாம். அதே லண்டனில் 2017இல் பார்க்கிங்சைட் (Barkingside) என்ற பகுதியில் தடத்துக்கொரு நிறம் என்று வண்டிகளில் பூசிப் பார்த்தார்கள், சுவர் எழும்புகிற பாதை அது. சியோல் 2004இல் நடு வழி எடுத்தது. நீண்ட தூர முக்கியத் தடங்களுக்கு நீலம், பகுதிக்குள் ஓடி ரயிலோடு இணைப்பவற்றுக்குப் பச்சை, புறநகர் விரைவு வண்டிகளுக்குச் சிவப்பு, நடுநகரச் சுற்றுக்கு மஞ்சள். நிறம் சேவையின் வகையைச் சொல்கிறது, எண் தடத்தைச் சொல்கிறது. நீல வண்டி ஒன்று படுத்தால் இன்னொரு தடத்து நீல வண்டி பொய் சொல்லாமல் அதன் இடத்துக்கு வரலாம்.

நம் ஊர்ப் பிங்க் பஸ்ஸும் இந்த வகைதான், அதை நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எது சாதாரணம், எது டீலக்ஸ் என்று தூரத்திலிருந்து தெரிய 2022 ஆகஸ்டிலிருந்து முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடிக்கத் தொடங்கினார்கள். வண்டி எங்கே போகிறது என்று அந்த நிறம் சொல்வதில்லை, காசு கொடுக்க வேண்டுமா என்று மட்டும் சொல்கிறது. அதனால் டோல்கேட்டில் ஓடிய பிங்க் வண்டி நாளைக்கு மாதவரத்தில் ஓடினாலும் வாக்குத் தவறவில்லை. கூட்டம் பெரிதாக இருக்கிறது, செய்தியும் உண்மையாக இருக்கிறது.

வண்ணத்தைத் தாண்டி வண்டியின் உடம்பே வேறாக இருக்கும் இடங்களில் விஷயம் இன்னும் கடுமை. தாழ்தளப் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர், பழைய வண்டிகளில் அது 900 வரை போகும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அட்டவணையில் சொன்ன தாழ்தள வண்டிக்குப் பதில் படிக்கட்டு வண்டி வந்தால், பஸ் வரவே இல்லை என்றுதான் அர்த்தம், பதிவேடு என்ன சொன்னாலும் சரி. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. அவை சார்ஜர் இருக்கும் இடத்தோடு கட்டப்பட்டவை, அங்கே சுவரைக் கட்டுவது பெயின்ட் அல்ல, பேட்டரி.

அந்த அம்மா வந்துபோன பிறகு எங்கள் ஷெட்டில் நாலு ஸ்பேர் வண்டிகளின் பட்டைகளைச் சுரண்டி வெள்ளையாக்கினோம். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டடிக்கு மூன்றடித் தகரப் பலகை வெட்டி, முன் பம்பருக்கு மேல் மாட்ட இரண்டு கொக்கி வைத்தோம். பச்சை வண்டி படுத்தால் வெள்ளை வண்டியில் பச்சைப் பலகை. வெள்ளை எதையும் சொல்வதில்லை, அதனால் பலகையோடு சண்டை போடுவதும் இல்லை. மாட்டக் கால் நிமிடம்கூட ஆகாது. மாட்ட மறந்து ஒருமுறை வண்டி வெளியே போனது, அதற்கப்புறம் பலகைகளை ஆபீஸ் ரூமிலிருந்து எடுத்து கேட்டின் உள்பக்கத்தில், வாட்ச்மேன் நாற்காலிக்கு மேலேயே தொங்கவிட்டோம். வெள்ளை வண்டி வெறும் நெற்றியோடு வந்தால் அவர் கேட்டைத் திறப்பதில்லை.