சென்னை–யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வான்தூரத்தைக் கணக்கிட முக்கோணவியல் தேவையில்லை. சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கமும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. மீனம்பாக்கத்தின் அட்சரேகை 12 பாகை (டிகிரி) 59 கலை; 60 கலை சேர்ந்தால் ஒரு பாகை. பலாலியுடையது 9 பாகை 47 கலை. வித்தியாசம் 192 கலை. அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 355 கி.மீ.

இத்தடத்தில் பறக்கும், சுழல்விசிறி (புரொப்பெல்லர்) கொண்ட ஏடிஆர் 72 விமானம் உயரே சமமாகப் பறக்கையில் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். வகுத்தால் 43 நிமிடம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றுதான். அதன்மீது பழி போட வழியில்லை.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சென்னையில் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, பலாலியில் வந்து நிற்பதுவரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருப்பது எல்லாம் சேரும். தாமதத்துக்கென்று நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியும் வைக்கும். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாகப் பெருமையாக அறிவிக்கிறார்களே, அதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

அடுத்தது திசை. போக வேண்டியது நேர் தெற்கு. ஆனால் சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலியுடையது வடகிழக்கு தென்மேற்காக. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும் என்பதால், எந்த முனையிலிருந்து கிளம்புவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. எப்படிக் கிளம்பினாலும் வளைந்து திரும்பித்தான் தெற்கைப் பிடிக்க வேண்டும்.

பெரிய செலவு ஏற்ற இறக்கத்தில்தான். ஏடிஆர் மேலேறும்போது அதன் முழு வேகத்தில் பறப்பதில்லை. இறங்குவதும் சட்டென்று நடக்காது. வழக்கமான 3 பாகைச் சரிவில், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்தை இழக்கவும் சுமார் 19 கி.மீ. தூரம் வேண்டும். 5 கி.மீ. உயரத்தில் பறந்தால், பலாலிக்கு 95 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்.

அப்படியானால் மணிக்கு 830 கி.மீ. போகும் ஜெட் விமானத்தை விட்டால்? வகுத்தல் கணக்கு 26 நிமிடம் என்று ஆசை காட்டும். ஆனால் ஜெட் விமானம் வழக்கமாகப் பறக்கும் 10 கி.மீ. உயரத்திலிருந்து இறங்க மட்டுமே 190 கி.மீ. வேண்டும், பாதி வழிக்கும் மேல். ஆகவே அந்த உயரத்துக்குப் போகாமலே திரும்ப இறங்க வேண்டியிருக்கும். தவிர, 10,000 அடிக்கு (சுமார் 3 கி.மீ.) கீழே பொதுவாக மணிக்குச் சுமார் 460 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தரையில் காத்திருக்கும் நேரமும் ஜெட்டுக்கென்று குறையாது. மிச்சமாவது சில நிமிடங்கள். எரிபொருள் செலவோ கூடிவிடும்.