அம்ப்ளிபயர்: விரியலாக்கியா, பெருக்கியா, ஒலிபெருக்கியா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு எலெக்ட்ரோனிக் கடைக்குள் போய் "அண்ணை, 7294 அம்ப் போட் இருக்கா?" என்று கேட்டால், அம்ப்ளிபயர் சர்க்கிட் பலகையைத்தான் கேட்கிறோம் என்று உடனே விளங்கிவிடும். அதையே "ஒலிபெருக்கிப் போட்" என்று கேட்டால் கடைக்காரர் ஸ்பீக்கர் அடுக்கியிருக்கிற பக்கம்தான் திரும்புவார். அவரில் பிழை இல்லை, தமிழில் ஒலிபெருக்கி என்றால் ஸ்பீக்கர்தான். ஒலிவாங்கி ஒரு முனையில், ஒலிபெருக்கி மறு முனையில், இரண்டுக்கும் நடுவே இருந்து உண்மையாகவே பெருக்குகிற வேலையைச் செய்யும் பெட்டிக்குப் புழக்கத்தில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. அதற்கு வந்திருக்க வேண்டிய பெயரை ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டுவிட்டது.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது அக்காவின் மகனால். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறான், தமிழ் மொழிமூலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் நான் போட்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றான்.

"என்ன மாமா இது?"

"அம்ப்ளிபயர். பாட்டுக் கேக்கிறதுக்கு."

"செயற்பாட்டு விரியலாக்கி எண்டு எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. அதுவும் இதுவும் ஒண்டா?"

ஒன்றுதான், ஒரே குடும்பம்; விரியலாக்கி என்பது அம்ப்ளிபயருக்கு எங்கள் பாடநூல் வைத்த பெயர். பக்கம் பக்கமாகக் கணக்குச் செய்த பிள்ளைக்கு, வீட்டு ரேடியோவுக்குள்ளும் கோயில் திருவிழா செட்டுக்குள்ளும் இருப்பது அந்த விரியலாக்கிதான் என்று யாரும் சொல்லவில்லை. புத்தகச் சொல் ஒரு பக்கம், கடைச் சொல் ஒரு பக்கம் என்று இருந்தால் இப்படித்தான் நடக்கும். எனக்கு அது பெரிய கவலையாக இருக்கிறது.

சரி, சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'அம்ப்ளுஸ்' என்றால் அகன்றது, விசாலமானது. அதோடு 'செய்' என்று பொருள்படும் 'ஃபாகெரே' சேர்ந்து 'அம்ப்ளிஃபிகாரே', அதாவது அகலச் செய்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரோமர் காலத்தில் இந்தச் சொல்லுக்கு மேடைப் பேச்சோடுதான் நெருக்கம். ஒரு கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் விரித்து, எடுப்பாகப் பேசும் கலைக்கு 'அம்ப்ளிஃபிகாட்டியோ' என்று பெயர். மேடைப் பேச்சுக்கு இருந்த சொல், மேடைக்கு மைக் வைக்கிற காலம் வந்தபோது பெட்டிக்குப் பெயராகிவிட்டது.

இப்போது 'விரியலாக்கி'யைப் பாருங்கள். விரி, விரியல், அதை ஆக்குவது. பாய் விரிக்கிறோம், பூ விரிகிறது, பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடக்கிறது. இலங்கைப் பாடநூல்களுக்குச் சொல் ஆக்கியவர்கள் எப்படி யோசித்தார்களோ, இந்தச் சொல் இலத்தீன் வேரில் உள்ள அகலத்தை அப்படியே பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதே பொருளுக்கு 'பெருக்கி'. பெருகு, பெருக்கு, பெருக்கம். வெள்ளப்பெருக்கு, ஆடிப்பெருக்கு, அப்புறம் கணக்கில் வருகிற பெருக்கல். (எங்கள் பக்கம் வீட்டைக் கூட்டுவோம், தமிழ்நாட்டில் பெருக்குவார்கள், இரண்டுமே கணக்குச் சொல்லாகவும் இருப்பது நினைக்க நினைக்க இனிமையாக இருக்கிறது.) சிங்களப் பாடநூலில் 'வர்தகய', வளர்ப்பது என்று பொருள், நமது 'விருத்தி' பிறந்த அதே சமஸ்கிருத வேர். அகலுதல், பெருகுதல், வளர்தல் என்று மூன்று பார்வை.

ஆனால் இந்தப் போட் என்னதான் செய்கிறது? நான் கட்டிய, டிடிஏ 7294 என்ற ஐசி (சிப்) வைத்த போட்டில் 22 கிலோ ஓமில் ஒரு தடையி (ரெசிஸ்டர்), 680 ஓமில் இன்னொன்று இருக்கின்றன. முதலாவதை இரண்டாவதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கிட்டத்தட்ட 33. ஃபோனிலிருந்து அரை வோல்ற்றளவில் வருகிற சைகை (சிக்னல்) 33 மடங்காக வெளியே போகிறது. ஆக, கணக்குப் புத்தகத்தில் உள்ள அதே பெருக்கல்தான் இங்கே நடக்கிறது, 'பெருக்கி' என்பதை உவமையாக எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பெருகுவது ஒலி அல்ல, மின்சைகை. போட்டில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் தன் பங்குக்கு எதையும் பெருக்குவதில்லை, வந்த மின்னைக் காற்றில் அதிர்வாக மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இப்படிப் பார்த்தால் 'ஒலிபெருக்கி' என்ற சொல் இரண்டு பொருளுக்குமே சரியாகப் பொருந்தவில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், அந்தச் சின்னச் சைகை தானே வளர்ந்து பெரிதாவதும் இல்லை. ஸ்பீக்கரை ஆட்டுகிற வலு முழுக்கச் சுவரில் உள்ள 230 வோல்ற் பிளக்கிலிருந்து வருகிறது. வன்னியில் குளத்துத் துருசை, அதாவது மதகைத் திறக்கிற மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கை அசைகிற அளவுக்கு நீர் பாய்கிறது, கை நீராக மாறுவதில்லை. பாட்டுத்தான் கை, குளம் என்பது ட்ரான்ஸ்போமரும் அதன் பின்னால் மின்னைத் தேக்கி வைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பெரிய கப்பாசிற்றரும். 1904இல் ஃபிளெமிங் செய்த வெற்றிடக் குழாயை ஆங்கிலேயர் 'வால்வு' என்றுதான் அழைத்தார்கள், மின்னை ஒரு திசையில் மட்டும் விடுகிற கதவு என்பதால். 1906இல் லீ டி ஃபொரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைதான் பாட்டின் கை அசைக்கிற துருசு, எலெக்ட்ரோனிக் அம்ப்ளிபயர் அதற்குப் பிறகுதான் வர முடிந்தது. கொழும்பில் வயதானவர்கள் இன்றும் 'வால்வ் ரேடியோ' என்பார்கள், இந்தக் கதை அந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் இந்த நகரத்தில் பரிசோதனையாக முதல் வானொலி ஒலிபரப்பு நடந்தபோதும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைப் பிரித்துத்தான் தந்தி அலுவலகப் பொறியியலாளர்கள் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். கையால் கட்டுகிற பழக்கம் இந்த ஊரில் பழையது.

குளத்தில் நீர் எவ்வளவு என்பதை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதிதாகக் கட்டிய போட்டுக்கு முதன்முதலாக மின் கொடுக்கும்போது 60 வோட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டிவிட வேண்டும். சுவிட்ச் போட்டதும் பல்ப் பளிச்சென்று எரியும், கப்பாசிற்றர் நிரம்ப நிரம்ப அது மங்கி, கடைசியில் இழை மட்டும் சிவந்தும் சிவக்காமலும் நிற்கும். அப்படி மங்கினால் எல்லாம் சரி. அன்றைக்கு எனக்கு மங்கவில்லை, நின்று எரிந்தது. மருமகன்தான் "மாமா, நிப்பாட்டுங்கோ" என்றான். தேடிப் பார்த்தால், ஐசியின் முதுகில் உள்ள உலோகத் தகடு உள்ளுக்குள் மறை (நெகட்டிவ்) மின்னழுத்தத்தோடு இணைந்தது, அதற்கும் சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்குக்கும் இடையில் வைக்க வேண்டிய மைக்காத் துண்டை நான் வைக்கவேயில்லை, ஹீட் சிங்க் பெட்டியின் தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. நகத்தளவு மைக்கா. பல்ப் இல்லாவிட்டால் குளம் முழுதும் அந்த வழியாகப் பாய்ந்திருக்கும்.

அப்படியானால் எந்தச் சொல்? என் முடிவைச் சொல்கிறேன். 'ஒலிபெருக்கி' ஸ்பீக்கரிடமே இருக்கட்டும், ஊரே பழகிய சொல்லை இழுத்துப் பிடுங்க முடியாது. 'விரியலாக்கி' அழகான சொல், பரீட்சைக்கு அதையே எழுதட்டும், ஆனால் வாயில் சுலபமாகப் புரளவில்லை. 'பெருக்கி' சின்னச் சொல், ஒலிவாங்கியில் உள்ள 'வாங்கி' போல வேலையையே பெயராக வைத்திருக்கிறது, வேறு சொல்லோடு ஒட்டவும் வசதி. பவர் அம்ப்ளிபயருக்குத் தமிழ்நாட்டில் 'திறன் பெருக்கி' என்று வரும். நமக்கு இங்கே பவர் என்பது 'வலு', திறன் என்றால் கெட்டித்தனம் என்றுதான் முதலில் காதில் விழும். அதனால் நான் 'வலுப்பெருக்கி' என்று சொல்கிறேன்: இலங்கையின் வலு, தமிழ்நாட்டின் பெருக்கி. அதற்கு முன்னால் சைகையைத் தயார்செய்து கொடுக்கிற சின்னப் போட்டுக்கு 'முன்பெருக்கி'.

மற்ற உதிரிகளுக்கு நம் பாடநூல் சொற்களே போதும், தடையி, கொள்ளளவி (கப்பாசிற்றர்), இருவாயி (டயோட்), நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்). தமிழ்நாட்டில் கொள்ளளவிக்கு மின்தேக்கி, நிலைமாற்றிக்கு மின்மாற்றி.

மைக்கா வைத்த பிறகு பல்ப் மங்கியது. 18-0-18 வோல்ற் ட்ரான்ஸ்போமருக்கு இருபக்கமும் 25 வோல்ற் அளவில் நின்றது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 30 வோட் கிட்ட வரும். பெட்டியின் பின்பக்கத்தில் மருமகன் மார்க்கர் பேனாவால் 'வலுப்பெருக்கி' என்று எழுதினான், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'வலு விரியலாக்கி' என்றும் எழுதினான். கடைக்கு அடுத்த போட் வாங்கப் போனபோது நான் "அம்ப் போட்" என்றுதான் கேட்டேன், ஆனால் துண்டில் எழுதிக்கொண்டு போனது 'முன்பெருக்கி 1'.