புது சென்சார் போட்டும் காலையில் இருமுகிற கார்

ஊட்டி காந்தலில் ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு வண்டியின் மேல் உப்பைத் தூவிவிட்ட மாதிரி உறைபனி படிந்திருக்கும். என்னுடையது இருபது வயதைத் தாண்டிய சின்ன பெட்ரோல் கார். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் (கூலண்ட்) சூட்டை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று கீழே மேட்டுப்பாளையத்தில் மாற்றிக்கொண்டு வந்தேன். அங்கே ஒரே செல்ஃபில் பிடித்தது, மலையேறும்போதும் பிக்கப்பில் குறையே இல்லை; மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் நாலு தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது, பிடித்த பிறகும் தடதடவென்று ஆடி, ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் அணைந்துபோனது. ஐந்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

பிளக்கை மாற்று, பம்ப்பைப் பார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சூடானதும் தானாகச் சரியாகிவிடுகிற, அதுவும் சென்சார் மாற்றிய மறுநாளே வந்த கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்த சென்சார் மேல்தான்.

பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சாதாரணமாக 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல், எடைக் கணக்கில். குளிரில் தெளித்ததில் கொஞ்சம்தான் ஆவியாகும், மீதி இன்டேக் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் தேவைக்கு மேலேயே தெளிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இதற்குத்தான் சோக்கை இழுத்தோம். இப்போது அந்த வேலையை இசியூ, அதாவது இன்ஜினை நடத்துகிற கணினி, பார்க்கிறது, எவ்வளவு இழுப்பது என்று அதற்குச் சொல்வது கூலண்ட் சென்சார். கலவை சரியா என்று சோதிக்கிற ஆக்ஸிஜன் சென்சார் கிட்டத்தட்ட 300 டிகிரிக்குச் சூடாகும்வரை வாயே திறக்காது, ஆகவே முதல் சில நிமிஷம் கூலண்ட் சென்சார் சொன்னதுதான் வேதவாக்கு.

அதற்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். குளிரக் குளிர மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். பரவலாகப் புழங்குகிற ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 0 டிகிரியில் 5,900, 80 டிகிரியில் வெறும் 320. எல்லா சென்சாரும் இதே கணக்கில் ஏறி இறங்காது என்பதுதான் சிக்கல். மரை பொருந்தும், கனெக்டர் பின் பொருந்தும், 80 டிகிரியில் அளவும் பொருந்தும், குளிரில் மட்டும் ஆளே வேறு.

இதைக் கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியே போதும். விடியும்போது கூலண்ட், இன்டேக் காற்று, இன்ஜின் எல்லாம் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கும். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, இசியூவுக்குக் கிடைக்கிற அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் பார்த்தேன்: காற்று 3 டிகிரி, கூலண்ட் 15 டிகிரி. இசியூ பாவம், சுமாரான குளிர்தானே என்று பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலும் அந்த சென்சார் தப்பாகத்தான் சொல்லியிருக்கும், ஆனால் அந்த வெயிலில் பெட்ரோல் எப்படியும் ஆவியாகிவிடும், அதனால் தெரியவில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள, இன்ஜின் ஆறியபோது கழற்றி, ஐஸ் உருகிக்கொண்டிருக்கிற தண்ணீரில் முனையை முக்கி மல்டிமீட்டர் வைத்தேன். 3,300 ஓம். என் வண்டிக்கு 5,900 பக்கம் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் அதனால்தான். அட்டவணையில் 100 டிகிரிக்குப் போட்டிருக்கும் ஓமோடு ஒப்பிட்டு நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, மலையானாலும் கடற்கரையானாலும் 0 தான்.

கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். களிம்பு 200 ஓம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,900-இல் 200 கூடினால் ஒரு டிகிரிகூட மாறாது. 320-இல் 200 கூடினால் 80 டிகிரியை 65 என்று இசியூ நினைக்கும். ஆக, களிம்பு சூடான வண்டியைத்தான் படுத்தும், பெட்ரோலையும் தின்னும்; காலைக் குளிரில் அதன் மேல் பழி போட முடியாது.

சரியான பார்ட் நம்பர் பார்த்து வேறு சென்சார் வாங்கிப் போட்டு, கூலண்ட்டை நிரப்பி, காற்று அடைத்துக்கொள்ளாமல் வெளியேற்றினேன். மறுநாளும் உறைபனிதான். ஸ்கேனரில் காற்று 2, கூலண்ட் 3. இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது, பத்து விநாடி லேசாக நடுங்கியது, அப்புறம் கண்ணாடியில் பனியைச் சுரண்டி முடிப்பதற்குள் ஐடிலிங் இறங்கி சீராகிவிட்டது.