வீட்டில் மாதிரி விமானம் செய்வோர் கவனத்துக்கு: பூச்சு வேலையும் நுரையீரலும்

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்போரிலும், என்.சி.சி. விமானப்படைப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களிலும் சிலர், ‘கன்ட்ரோல் லைன்’ எனப்படும் கம்பி விமானங்களை வீட்டிலேயே செய்து பறக்கவிடுகிறார்கள். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் ஒரு முனை விமானத்திலும் மறுமுனை கைப்பிடியிலும் இருக்க, வட்டத்தின் நடுவில் நின்று தாமும் சுழன்றபடி, மணிக்கட்டின் அசைவாலேயே விமானத்தை ஏற்றி இறக்கும் இந்தக் கலை கண்ணுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. தருமபுரியில் நுரையீரல் மருத்துவம் பார்க்கும் நான் இதை யாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால், மின்கம்பிகளுக்கு அருகில் பறக்கவிடக் கூடாது, சுழலும் புரொப்பல்லருக்கு முன் கையை நீட்டக் கூடாது என்பவற்றை முதல் நாளே சொல்லித் தருகிறவர்கள், அந்த விமானத்துக்குப் பூச்சடிக்கும் அறையைப் பற்றி எதுவும் சொல்லித் தருவதில்லை.

பூச்சு இங்கே அழகுக்காக மட்டும் அல்ல. சிறிய எஞ்சினின் எரிபொருளில் மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் சிறிது நைட்ரோமெத்தேனும் கலந்திருப்பதால், புகைக்குழாய் வழியே தெறிக்கும் கழிவு சாதாரணப் பெயிண்டைக் கரைத்து, உள்ளே இருக்கும் எடை குறைந்த பால்சா மரத்தை எண்ணெயில் ஊற வைத்துவிடும். அதற்காகவே மரத்தின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, டோப் எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பல முறை பூசித் தேய்க்கிறார்கள். அதுவும் எரிபொருளுக்கு முழுமையாகத் தாங்காது என்பதால், அதன் மேல் கார்களுக்கு அடிக்கும் ‘டூ கே’ கிளியர் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சை, அதை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கலந்து ஸ்பிரே செய்கிறார்கள். அமெரிக்காவின் கம்பி விமானச் சாகசப் பறத்தல் போட்டிகளில் தோற்றத்துக்கு மட்டுமே 20 மதிப்பெண் வரை உண்டு. ஆகவே பளபளப்பின் மேல் இந்த ஆர்வலர்களுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது.

முதலில் டோப்பையும், அதில் கலக்கும் கரைப்பானான தின்னரையும் பார்ப்போம். ஈரப்பதம் மிகுந்த நாளில் டோப் பூசினால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நேர்ந்துவிடுமோ என்று அஞ்சியும், தெருப்புழுதி ஈரப் பூச்சில் ஒட்டிவிடும் என்று அஞ்சியும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வேலை செய்கிறார்கள். மின்விசிறி ஓடுகிறதே என்று ஆறுதல் கொள்கிறார்கள். அது அறையிலிருக்கும் ஆவியைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்வது. பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைதான் அதை அதிகமாகச் சுவாசிக்கும். சாமி அறை விளக்கும் சமையலறை அடுப்பும் அந்த ஆவிக்குத் தீ மூட்டவும் போதுமானவை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் ‘பசி மயக்கம்’ என்று எண்ணாமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மழை நாளில் டோப் பூசாதிருப்பதே நல்லது. மாசி, பங்குனியில், மொட்டை மாடி நிழலில் அந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

தின்னரைக் காட்டிலும் என்னைக் கவலைகொள்ளச் செய்வது ஹார்டனர்தான். அதில் இருப்பவை ஐசோசயனேட் வகை வேதிப்பொருள்கள். போபாலில் 1984-இல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே வகையைச் சேர்ந்தது என்றாலும், அது மிக எளிதில் ஆவியாகும் வேறொரு பொருள் என்பதால் அந்த அளவுக்குப் பீதி தேவையில்லை. இங்கே அபாயம் வேறு விதமானது: ஸ்பிரே செய்யும்போது உண்டாகும் நுண்துளிகளை மீண்டும் மீண்டும் சுவாசிக்கும் சிலருக்கு உடல் அந்தப் பொருளுக்கு ஒவ்வாமை கொண்டுவிடுகிறது. அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே ஆஸ்துமா கிளம்பும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் விலகுவதில்லை. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இது அறியப்பட்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு ஒரு காரணம் உண்டு. மூச்சிறைப்பு பெரும்பாலும் வேலை செய்யும்போது வருவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, இரவில் இருமலாகவும் நெஞ்சு இறுக்கமாகவும் வருகிறது. ஓசூரிலிருந்து வந்த ஒருவர் மாதக்கணக்கில் இரவு இருமலோடு அலைந்து, காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்து, அதில் ஒன்றும் இல்லை என்ற பிறகே என்னிடம் வந்தார். புகைப்பழக்கம் இல்லை, தொழிற்சாலையிலும் அவருக்குப் பெயிண்ட் வேலை இல்லை. வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது அவர் யோசித்துக்கொண்டிருக்க, உடன் வந்த மனைவிதான், “ஏரோபிளேனுக்குப் பெயிண்ட் அடிக்கிற அன்னைக்கு ராத்திரிதாங்க சார் இருமல் ஜாஸ்தி” என்றார். “மாஸ்க் போட்டுத்தான் சார் அடிக்கிறேன்” என்று அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டியது, கொரோனா காலத்தில் வாங்கி மீந்திருந்த என்95.

அந்த மாஸ்க் உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் மரத்தூளைத் தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. துணி மாஸ்க் இரண்டையுமே தடுக்காது. ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் அடைத்த கார்ட்ரிஜ் உள்ள ரப்பர் முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் காற்றுப்புகாத டப்பாவில் மூடிவைக்க வேண்டும், இல்லையென்றால் கரி சும்மா கிடக்கும்போதே தன் திறனை இழந்துவிடும். சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் நாள்களில் முகமூடி தோலோடு பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஐசோசயனேட்டுக்கோ அந்த முகமூடியையும் நம்பி இருக்க முடியாது. வடிகட்டி தீர்ந்துபோனதை வாசனையை வைத்து அறிய முடியாது, ஏனெனில் மூக்குக்குத் தெரியும் அளவை எட்டும் முன்பே அது தீங்கான அளவைத் தாண்டியிருக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடியும் தனிப் பூச்சறையும் இல்லாத இடத்தில் ‘டூ கே’ கிளியரை ஸ்பிரே செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொட்டை மாடிக்கும் இது பொருந்தும்.

மாற்று வழிகள் இருக்கின்றன. பேட்டரி மோட்டார் பொருத்தினால் எரிபொருள் கழிவே இல்லை. தண்ணீரில் கரையும் வார்னிஷ் போதும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிச் சுருங்கும் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினால் இறக்கைக்குப் பெயிண்டே தேவையில்லை. எஞ்சின்தான் வேண்டும் என்போர், எண்ணெய் படும் முன்பகுதிக்கு மட்டும், நைட்ரைல் கையுறை அணிந்து, எபாக்ஸி என்ற இரு பாகப் பிசினைப் பிரஷ்ஷால் பூசலாம். அதிலும் தோல் ஒவ்வாமை வரலாம் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் புகையும் அளவுக்குச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். கொட்டியதைப் பஞ்சாலோ வேட்டி நுனியாலோ துடைக்காதீர்கள். கண்ணில் பட்டு இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாமல், வெதுவெதுப்பான நீரால் கழுவியபடி கண் மருத்துவரிடம் செல்லுங்கள். எரிபொருளைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. மெத்தனால் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நாம் கண்டோம். ஒரு குழந்தையின் பார்வையைப் பறிக்கச் சில மிடறே போதும். குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிகளுக்காகக் காத்திராமல் பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பூச்சு வேலை செய்த இரவுகளில் இருமலோ மூச்சிறைப்போ வந்து, வேலையில்லாத வாரங்களில் அது தணிந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே அதைச் சொல்லுங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாயில் காலையும் மாலையும் ஊதி, அது காட்டும் அளவையும், பூச்சடித்த நாள்களையும் அடிக்காத நாள்களையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், ஸ்கேன் படத்தைவிட அந்த நோட்டே எனக்கு அதிகம் உதவும். வரும்போது ஹார்டனர் டின்னின் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்து வாருங்கள். டின்னைத் திறந்து பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.