கைமணிச் சேர்ந்திசை

சுருதி சேர்த்த வெண்கல மணிகளைப் பலர் கையில் ஏந்தி, ஆளுக்கு ஓரிரு சுரங்களாக ஒரே பாட்டை இசைக்கும் குழுவை ‘ஹேண்ட்பெல் குயர்’ என்கிறார்கள். இதற்கான தமிழ்ச் சொல்லில் முதற்பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் ‘கைமணி’ என்று கேட்டால், பிடியின் உச்சியில் நந்தி அமர்ந்த பூசை மணியைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இரண்டுக்கும் வேறுபாடு மணிக்குள் தொங்கும் நாவில் உள்ளது. பூசை மணியின் நா எப்பக்கமும் ஆடிக் கணகணவென்று தொடர்ந்து ஒலிக்கும்; இசைக்கான கைமணியிலோ நா கீலில் பொருந்தி, முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் மட்டும் அசைவதால், ஒரு வீச்சுக்கு ஒரே ஒலி எழும், மணியைத் தோளோடு அணைத்தால் அதுவும் அடங்கும். இந்த நாவை ‘கிளாப்பர்’ என்று எழுத வேண்டியதில்லை. புகாரே தன் ஊர் என்று பாண்டியனிடம் சொல்லும் கண்ணகி, சோழனின் அரண்மனை மணியைச் சிலப்பதிகாரத்தில் ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க’ என்றே குறிக்கிறாள். காவிரி நாட்டு மணிக்கு அன்றே நா இருந்தது.

சுருதி சேர்த்த கைமணி இங்கிலாந்தின் ஆல்ட்போர்ன் சிற்றூரில், 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோர் சகோதரர்களின் வார்ப்படச் சாலையில் உருப்பெற்றது. தேவாலயக் கோபுர மணி ஒலிப்போர் ஊரை எழுப்பாமல் பயிற்சி செய்ய அது உதவியது. அமெரிக்காவில் 1954இல் இதற்கெனத் தனிச் சங்கமே அமைந்தது.

‘குயர்’ என்பதற்குப் ‘பாடகர் குழு’ பொருந்தாது, ஏனெனில் இங்கே பாடுவோர் இல்லை. ‘பல்லியம்’ அழகிய பழஞ்சொல்லே ஆயினும், அது பல கருவிகளின் கூட்டைச் சுட்டும். இதுவோ பல கைகளில் பகிர்ந்து கிடக்கும் ஒற்றைக் கருவி. ஒருவர் பொதுவாக இரண்டு மணிகளை ஏந்துவதால், ச முதல் மேல் ச வரையிலான எட்டுச் சுரங்களுக்கு நால்வர் வேண்டும்; ஒரு பிள்ளை வராவிட்டால் பாட்டில் இரண்டு சுரங்கள் விழுந்துபோகும். தாளத்தை எண்ணத் தெரிந்த சிறுவனும் தன் முறைக்குக் காத்திருந்து ஒலித்துவிடலாம் என்பதால்தான் இளையோர் குழுக்கள் இதை விரும்பி ஏற்கின்றன. இந்தக் காத்திருப்பையும் சேர்க்கையையும் ஒருங்கே உணர்த்துவது ‘சேர்ந்திசை’ என்னும் சொல்லே. எனவே கலையைக் ‘கைமணிச் சேர்ந்திசை’ என்றும், குழுவைக் ‘கைமணிக் குழு’ என்றும் வழங்கலாம்.

பள்ளிகள் தொடக்கத்தில் வாங்கும், எடையும் விலையும் குறைந்த, குழாய் வடிவிலான ‘ஹேண்ட்சைம்’ கருவியைக் ‘கைக்குழல்’ என்றால் புல்லாங்குழல் என்றே கொள்வார்கள். ‘கைக்குழாய்மணி’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.